வலிக்குக் கணக்கு வைத்த சிசிலி சோண்டர்ஸ்

இறக்கப்போகும் நோயாளியை எப்படிப் பராமரிப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவர் சிசிலி சோண்டர்ஸ்.

1918இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தாதியானார். முதுகுவலியால் அதைக் கைவிட்டு வைத்தியசாலைச் சமூகப் பணியாளரானார். அங்கேதான் டேவிட் டஸ்மாவைச் சந்தித்தார். வார்சோவிலிருந்து வந்த யூதர். புற்றுநோயோடு லண்டனில் தனித்துக் கிடந்தவர். 1948இல் இறந்தபோது அவர் விட்டுச்சென்ற 500 பவுண்தான் பின்னாளில் எழுந்த ஹொஸ்பிஸுக்கு முதற்பணம்.

மருத்துவம் படித்து 1957இல் வைத்தியரான சிசிலி, லண்டன் புனித ஜோசப் ஹொஸ்பிஸில் ஒரு வழக்கத்தை மாற்றினார். வலியில் துடிக்கும்வரை காத்திராமல், வலி திரும்பமுன்பே நேரந்தவறாது மோர்பின் கொடுக்கச் செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் விபரங்களைப் பதிந்துவைத்தார். மோர்பின் பற்றிய வைத்தியர்களின் பயத்துக்கு அந்தப் பதிவுகளே பதிலாகின. 1967இல் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார்; பராமரிப்போடு ஆய்வும் கற்பித்தலும் அங்கே நடந்தன. 2005இல் அங்கேயே காலமானார்.

உடல், மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து நோவதே முழுமையான வலி என்றார் அவர். காணாமற்போன பிள்ளைக்காகக் காத்திருந்தபடியே நோயில் விழுந்த தாய்மாரை அறிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நல்ல பராமரிப்புக்கு இரக்கம் மட்டும் போதாது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லப்படும் கட்டிலருகே நாங்கள் கேட்கவேண்டியவை மூன்று: வலி எவ்வளவு என்று கேட்டார்களா? எழுதினார்களா? மருந்தை நேரத்துக்குக் கொடுத்தார்களா?