இருசிறகுப் பூச்சிகளின் ஆசிரியர் மைகன்

யானையைக் கண்டு வியவாதார் இலர். கொசுகைக் கண்டு வியந்தார் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் யோகான் வில்ஹெல்ம் மைகன் என்னும் ஜெர்மானிய அறிஞர். அன்னாரது வரலாற்றை ஈண்டு யாம் சுருக்கி வரையப் புகுந்தோம்.

மைகன் 1764-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள், வாட்டொழிலுக்குப் பேர்போன ஸோலிங்கன் நகரில் எளிய குடியொன்றிற் பிறந்தார். பிரெஞ்சு மொழியும் இசையும் பயின்று, அவற்றைப் பிறர்க்குக் கற்பித்தே காலங்கழித்தார். 1796 முதல் ஆகன் நகரை அடுத்த ஸ்டோல்பர்க் என்னும் ஊரில் வாழ்ந்தார். வருவாய் சிறிது, குடும்பமோ பெரிது. எனினும் ஓய்வு நேரமெல்லாம் ஈயும் கொசுகுமே அவர் சிந்தையைக் கவர்ந்தன.

காளானிலும் மட்கிய மரத்திலும் ஈரமண்ணிலும் புழுவாய் வளர்ந்து, சிறகு பெற்று நிழலிடங்களிற் பறக்கும் சிறு கொசுகுகள் உள. லின்னேயஸ் வகுத்த முறையில் இவை நெடுங்கால் ஈக்களோடு டிபுலா என்னும் ஒரே பேரினத்துள் அடைபட்டுக் கிடந்தன. அவருக்குப் பின்வந்த பப்ரீஷியஸ் வாயுறுப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டார். கடுகினும் சிறிய தலையில் வாயுறுப்பைத் தேர்ந்து காண்டல் எளிதோ? மைகன் சிறகை நோக்கினார். இலையில் நரம்பு ஓடுதல்போலச் சிறகிலும் நரம்புகள் ஓடுவதையும், அவை கிளைக்கும் முறை இனந்தோறும் வேறுபடுவதையும் கண்டார். அதனோடு உணர்கொம்பு முதலியவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, தம் கையாலேயே படமும் வரைந்தார்.

இங்ஙனம் ஆராய்ந்து, 1800-இல் பாரிஸ் நகரிற் சிறு நூலொன்று வெளியிட்டார். அதிற் பேரினங்களுக்குப் பெயரிட்டாரேயன்றி, அவற்றுள் அடங்கும் இனங்கள் இவையெனப் பெயர் கூறிற்றிலர். நூலை எவரும் பொருட்படுத்தவில்லை. மைகன் சோர்ந்திலர். 1803-இல் புதுப் பெயர்களோடு மீண்டும் எழுதினார். பங்கிவோரா என்றது மைசிடோபிலா ஆயிற்று; அது காளானை விரும்புவது எனப் பொருள்படும். லைக்கோரியா என்றது நிழலைக் குறிக்கும் சியாரா ஆயிற்று. பின்னர், மஞ்சள் நிறத்ததாகிய மாக்ரோசெரா லூட்டியாவை 1804-இலும், சாம்பல் நிறத்ததாகிய பொலிட்டோபிலா சினிரியாவை 1818-இலும் விளக்கினார். 1818 முதல் 1838 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த ஐரோப்பிய இருசிறகிகளைப் பற்றிய பெருநூல் அவரது வாழ்நாட் பயனாகும்.

1845-இல் பான் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு ஜூலை 11-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் கதை அத்துடன் முடிந்ததன்று. 1908-இல் ஹெண்டல் என்னும் அறிஞர் மறந்துபோன 1800-ஆம் ஆண்டு நூலை வெளிக்கொணர, முந்திய பெயரே நிற்கவேண்டுமென ஒரு சாராரும், வழங்கும் பெயரே நிற்கவேண்டுமென ஒரு சாராரும் வாதிட்டனர். அரை நூற்றாண்டு ஒரே கொசுகு இரு பெயர் சுமந்தது. 1963-இல் உலக விலங்குப் பெயரீட்டு ஆணையம் பழைய நூலின் பெயர்களை விலக்கவே, பிந்தியவை நிலைபெற்றன.

இதனால் யாம் உணர்வது ஒன்றுண்டு. பெயரிடுதல் மட்டும் அறிவாகாது. பெயருக்குரிய பொருளைப் பிறர் ஐயமின்றிக் காணுமாறு காட்டுதலே அறிவு. முதல் நூல் பெயர் தந்தது. பின்னைய உழைப்பே பொருளைக் காட்டியது. தமிழ் பயிலும் எமக்கும் இது பொருந்துவதே. சிறுமையென உலகம் ஒதுக்கியதைக் கூர்ந்து நோக்கிய அவ்வேழை ஆசிரியரின் பொறுமை நம்மனோர்க்கும் வாய்ப்பதாக.