தெரிவுப் போட்டிக்கு வராதவர்

1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விழாவுக்குப் புறப்பட்ட இந்திய ஹொக்கி அணி, போகும் வழியில் இலங்கையில் இரண்டு ஆட்டங்கள் ஆடியது. அகில இலங்கை அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 20–0, அடுத்ததில் 10–0 என்று வென்றுவிட்டுக் கப்பலேறியது. அந்த அணியின் முன்வரிசையில் நடுநாயகமாக நின்று ஆடியவர் தியான் சந்த். ஹொக்கி வரலாற்றின் மிகச் சிறந்த வீரர்களைப் பட்டியலிடும் எவரும் இன்றும் அவர் பெயரை முதல் வரிசையில்தான் எழுதுவார்கள். ஆனால் அந்த ஆண்டு இந்திய அணியைத் தெரிவு செய்வதற்காக நடந்த போட்டித் தொடரில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அவர் பணியாற்றிய இராணுவப் பிரிவு விடுமுறை தர மறுத்துவிட்டது.

ஹொக்கி எங்கள் பக்கத்தில் அதிகம் ஆடப்படும் விளையாட்டல்ல. ஆனாலும் தெரிவு நாளில் மைதானத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போவது என்றால் என்னவென்று ஈச்சிலம்பற்று மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கரையோர வீதிக்குப் பாலங்கள் வரும்வரை பாதையில் ஏறி இறங்கித்தான் திருகோணமலை நகரத்துக்குப் போகவேண்டியிருந்தது. 2004இல் கடல் வந்தது. 2006இல் குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரே வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் நடந்தது. அந்த ஆண்டுகளில் 15, 16 வயதில் இருந்த பிள்ளைகளுக்குக் கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம் எல்லாம் வெறும் சொற்கள்தான். அவர்களில் யார் நல்ல ஆட்டக்காரர் என்று பார்க்க ஒருவரும் வரவில்லை. பார்க்கப்படாத பிள்ளை திறமையில்லாத பிள்ளையாகவே கணக்கில் எழுதப்பட்டது. அதனால்தான் தியான் சந்தின் வாழ்க்கையை இன்னொருமுறை, தெரிவு என்ற ஒரு விடயத்தை மட்டும் மனதில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அவர் பிறந்தது 1905 ஓகஸ்ட் 29ஆம் திகதி, அலகாபாத்தில். இயற்பெயர் தியான் சிங். தகப்பன் சமேஷ்வர் சிங் பிரித்தானிய இந்திய இராணுவத்தில் இருந்தவர். இராணுவக் குடும்பம் என்பதால் ஊர் ஊராக மாறவேண்டியிருந்தது. பிள்ளையின் படிப்பு ஆறு வருடத்தோடு நின்றது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் நிலைகொண்டது. சிறுவயதில் அவருக்கு மல்யுத்தத்தில்தான் விருப்பம். சொல்லும்படியாக ஹொக்கி ஆடிய சிறுவனல்ல அவர். இன்றைய அளவுகோல்படி பத்து வயதில் பயிற்சியில் சேராதவர் பின்தங்கிவிட்டவர். அந்த அளவுகோலில் தியான் சந்த் தொடக்கத்திலேயே கழிக்கப்பட்டிருப்பார்.

1922இல், சரியாக 17ஆவது பிறந்தநாளன்று, அவர் சாதாரண சிப்பாயாக இராணுவத்தில் சேர்ந்தார். முதலாம் பிராமணர் படைப்பிரிவில் சுபேதார் மேஜராக இருந்த போலே திவாரி ஹொக்கிப் பித்துப் பிடித்தவர். புதிய சிப்பாயின் கைகளில் மட்டை எப்படிப் பேசுகிறது என்பதை முதலில் கண்டவர் அவர்தான். ஆட்டத்தின் அடிப்படைகளையும், பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்து ஆடும் பழக்கத்தையும் அவரிடமிருந்தே தியான் சந்த் கற்றார். பகலில் கடமை. இரவில் நிலவு எழும்வரை காத்திருந்து அந்த வெளிச்சத்தில் பயிற்சி. அதனால்தான் நண்பர்கள் சந்திரன் என்று பொருள்படும் சந்த் என்ற பெயரை ஒட்டவைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. மின்விளக்கு மைதானம் இல்லாத ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதையில் வியப்பொன்றும் இருக்காது.

முதல் பெரிய தெரிவு 1926இல் வந்தது. நியூசிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போகும் இந்திய இராணுவ அணிக்கு ஆள் எடுத்தார்கள். நான்கு வருடச் சேவை, கீழ்நிலைச் சிப்பாய் என்ற தகுதி மட்டுமே உள்ள 20 வயது இளைஞனையும் சேர்த்தார்கள். அந்த அணி 21 ஆட்டங்களில் 18இல் வென்றது, இரண்டைச் சமன் செய்தது, ஒன்றில் மட்டும் தோற்றது. திரும்பி வந்ததும் அவருக்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது. அனுபவம் இல்லை என்று அவரை விட்டுச் சென்றிருந்தால் அந்த அனுபவம் அவருக்கு எங்கிருந்தும் கிடைத்திருக்காது. இளையவர் ஒருவர் தயாரா என்று கேட்பவர்கள் பலநேரம் மறக்கும் விடயம் இது. தயார்நிலையின் பாதி, இடம் கொடுத்த பிறகுதான் வருகிறது.

1925இல் இந்திய ஹொக்கி சம்மேளனம் உருவானது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் அணிக்காகக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையிலான போட்டித் தொடரை அது நடத்தியது. ஐக்கிய மாகாணங்கள், பஞ்சாப், வங்காளம், ராஜபுதனம், மத்திய மாகாணங்கள் என்று ஐந்து அணிகள் வந்தன. தியான் சந்த் ஐக்கிய மாகாணங்களுக்காக ஆட இராணுவம் அனுமதித்தது. அந்த அணியே கிண்ணத்தையும் வென்றது. அவர் முறைப்படி ஆடித் தெரிவானார்.

தெரிவான அணி கப்பலேறுமுன் பம்பாய் அணியுடன் ஆடி 3–2 என்று தோற்றது. துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்று பேர் என்று சொல்வார்கள். ஆம்ஸ்டர்டாமில் அதே அணி, ஜெய்பால் சிங்கின் தலைமையில் சென்ற அணி, ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. ஒரு கோலும் வாங்கவில்லை. அந்த 29இல் 14 தியான் சந்தின் மட்டையிலிருந்து வந்தவை. நெதர்லாந்துடனான இறுதியாட்டத்துக்கு முன் சிலர் நோயில் படுத்துவிட, அவரும் சுகவீனத்தோடுதான் இறங்கினார். 3–0 என்று வென்று இந்தியா முதல் ஹொக்கித் தங்கத்தை எடுத்தது. பம்பாயில் பெற்ற தோல்வியை வைத்து அணியைக் கலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நான்கு வருடம் கழித்து மீண்டும் தெரிவு. இம்முறை அவர் வடமேற்கு எல்லைப்புறத்தின் பன்னுவில் இருந்தார். மாகாணப் போட்டித் தொடருக்கு அவரை விடும்படி சம்மேளனம் கேட்டது, படைப்பிரிவு மறுத்தது. தெரிவாளர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வரவில்லை, ஆகவே இல்லை என்று பெயரை வெட்டுவது ஒன்று. ஏன் வரவில்லை என்று பார்ப்பது மற்றது. அவர்கள் இரண்டாவதைச் செய்தார்கள். எந்தச் சடங்கும் இல்லாமல் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இளையவர்களோ தொடரில் ஆடித் தங்களை நிரூபிக்கவேண்டியிருந்தது. இதில் ஒரு நியாயம் உண்டு. தியான் சந்த் யாரென்று ஆம்ஸ்டர்டாமில் எல்லோரும் கண்டிருந்தார்கள். ஒரு சங்கடமும் உண்டு. பெயர் எடுத்தவருக்கு வாய்த்த பொறுமை, பெயரில்லாத இன்னொரு சிப்பாய்க்கு விடுமுறை மறுக்கப்பட்டிருந்தால் வாய்த்திருக்காது.

அந்த 1932 அணியில் அவருடைய தம்பி ரூப் சிங்கும் புதிதாக இடம்பிடித்தார். அண்ணன் பெயரால் வந்தவரா என்ற கேள்விக்கு மைதானத்திலேயே பதில் வந்தது. இந்தியா அமெரிக்காவை 24–1 என்று வென்ற ஆட்டத்தில் ரூப் சிங் 10 கோல்கள், தியான் சந்த் 8 கோல்கள். அந்தப் பயணம் முழுவதிலும் 37 ஆட்டங்கள், 338 கோல்கள். அவற்றில் 133 தியான் சந்துடையவை.

1936 பேர்லின் ஒலிம்பிக்குக்கு அணி தெரிவானபோதும் அதே கதை. மறுபடியும் விடுமுறை இல்லை, மறுபடியும் அவர் நேரடியாகச் சேர்க்கப்பட்டார். இம்முறை அணித்தலைவராக. புறப்படுமுன் டில்லி அணியிடம் 4–1 என்று தோற்றார்கள். பேர்லின் போய்ச் சேர்ந்ததும் ஜேர்மனியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்திலும் அதே 4–1 தோல்வி. எதிரணியைக் குறைத்து மதிப்பிட்டிருந்தோம், முன்வரிசையில் ஓட்டை இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அணித்தலைவரும் நிர்வாகமும் கூடிப் பேசி இந்தியாவிலிருந்த அலி தாராவை வரவழைத்தார்கள். அவர் விமானத்தில் வந்து அரையிறுதிக்கு முன் அணியோடு சேர்ந்தார். மழையால் ஒருநாள் தள்ளிப்போய் ஓகஸ்ட் 15இல் நடந்த இறுதியாட்டத்தில் இடைவேளைவரை இந்தியா 1–0 என்றே முன்னணியில் இருந்தது. பிறகு ஆணிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஆடினார் தியான் சந்த். முடிவு 8–1. அவரும் தாராவும் கோல்கள் அடித்தார்கள். ஒரு பயிற்சி ஆட்டத்தின் பயன் இதுதான். யாரைக் கழிப்பது என்பதைவிட, அணியில் எது குறைகிறது என்பதை அது காட்டவேண்டும்.

அதன்பின் உலகப்போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக் விழாக்கள் நடக்கவேயில்லை. 31 வயதில் உச்சத்தில் இருந்த ஒருவருக்கு மட்டுமல்ல, அப்போது 20 வயதில் இருந்த ஒரு தலைமுறைக்கே அந்த வருடங்கள் இல்லாமல் போயின. யுத்தம் ஒரு ஆட்டக்காரனிடமிருந்து எடுப்பதைப் பிறகு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. யுத்தம் முடிந்த கையோடு பிரிவினை. பேர்லினுக்கு விமானத்தில் வந்து இந்தியாவுக்காக ஆடிய அதே அலி தாரா, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவர். ஒரே வரிசையில் ஓடியவர்களுக்கு நடுவே எல்லைக்கோடு விழுந்திருந்தது.

1947 முடிவில் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து இந்திய அணிக்கு அழைப்பு வந்தது. தியான் சந்த் வந்தால்தான் வேண்டும் என்று நிபந்தனை. 42 வயதில் அவர் இளைஞர்களோடு போனார். 22 ஆட்டங்களில் 61 கோல்கள் அடித்தார். கே.டி. சிங் பாபு போன்ற அடுத்த தலைமுறையினர் அந்தப் பயணத்தில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடினார்கள். இன்னொரு ஒலிம்பிக்குக்கு நானும் வருகிறேன் என்று அவர் கேட்டிருந்தால் மறுக்கத் துணிந்தவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். அவர் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் பெரிய ஆட்டங்களிலிருந்து ஒதுங்கத் தொடங்கினார். 1948 ஒலிம்பிக் அணிக்கு எதிராக, எஞ்சிய இந்தியா என்ற அணிக்குத் தலைமை தாங்கி ஆடினார். இளையவர்கள் 2–1 என்று வென்றார்கள். தோற்ற அணியின் அந்த ஒரே கோல் அவருடையது. தயாரானவர்களுக்கு இடம்விடுவதும் ஒருவகைத் தெரிவுதான்.

1956இல் மேஜர் தரத்தில் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பத்ம பூஷண் விருது கிடைத்தது. பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். 1975இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2–1 என்று வென்று இந்தியா உலகக் கிண்ணம் எடுத்தபோது வெற்றிக் கோலை அடித்தவர் அவருடைய மகன் அசோக் குமார். ஆனால் தகப்பனின் கடைசிக் காலம் வசதியாக இருக்கவில்லை. 1979 டிசம்பர் 3ஆம் திகதி, டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஈரல் புற்றுநோயால் காலமானார். ஜான்சியில், அவர் ஆடிய மைதானத்திலேயே தகனம் நடந்தது. அவர் பிறந்த ஓகஸ்ட் 29 இப்போது இந்தியாவின் தேசிய விளையாட்டு தினம்.

அவர் காலத்தில் சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஹொக்கி அணிகள் இருக்கவில்லை. அவரைத் தாங்கியது இராணுவச் சம்பளம். இன்று விளையாட்டில் இடம் கிடைப்பது ஒரு பிள்ளைக்குத் தொழிலாகவும் குடும்பத்துக்குச் சோறாகவும் மாறக்கூடும். அதனால் தெரிவாளர் போடும் ஒரு சரிக்கும் பிழைக்கும் அன்றைவிட இன்று பாரம் அதிகம்.

தியான் சந்த் அளவு திறமை எல்லா ஊரிலும் பிறப்பதில்லை. ஆனால் போலே திவாரி மாதிரி ஒருவர் எல்லா ஊருக்கும் தேவை. 17 வயதில் தொடங்குகிறவனைப் பிந்திவிட்டாய் என்று திருப்பி அனுப்பாத ஒருவர். ஒருநாள் ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காத ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்ப் பட்டியலில் வரவில்லை என்று குறித்துவிட்டுப் போகாமல், ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒருவர். பஸ் இல்லையா, சப்பாத்து இல்லையா, தகப்பனோடு கடலுக்குப் போனானா, வயதுச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்ததா? புகழ்பெற்ற ஒருவருக்காக 1932இல் ஒரு சம்மேளனம் அந்தக் கேள்வியைக் கேட்டது. வெருகல் ஆற்றுக்கு இக்கரையில் பெயரில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்காகவும் அதை யாராவது கேட்கவேண்டும்.