கெயின்ஸ் கணித்தது சரி, காசு போனதும் சரி

கிளிநொச்சியில் எனக்குத் தம்பி முறையான ஒருவர் கடந்த வருடம் தாயின் காப்புகளை அடகு வைத்தார். கைபேசிச் செயலி ஒன்றில் டொலரும் யூரோவும் வாங்கி விற்பதற்கு அந்தப் பணத்தைப் போட்டார். மூன்று கிழமைகளில் எல்லாம் முடிந்துவிட்டது. மீள்குடியேறிய பிறகு கூலி வேலை செய்து தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த காப்புகள் அவை. சந்தை எந்தப் பக்கம் போகும் என்பதைத் தான் சரியாகவே கணித்ததாக அவர் இன்றும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நூறு வருடங்களுக்கு முன்னர் உலகப் புகழ் பெற்ற பொருளியலாளர் ஒருவருக்கும் இதுதான் நடந்தது.

ஜோன் மேனாட் கெயின்ஸ் 1883ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தந்தையும் பொருளியல் அறிஞர். ஈட்டனிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். பின்னாளில் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்த லெனார்ட் வூல்ப் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர். கெயின்ஸ் 1906இல் லண்டனிலுள்ள இந்திய அலுவலகத்தில் சேர்ந்தார். 1913இல் வெளிவந்த அவரது முதல் நூலே இந்திய நாணயத்தைப் பற்றியதுதான். முதலாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியத் திறைசேரியில் வெளிநாட்டு நிதி விடயங்களைக் கவனித்தார். யுத்தம் முடிந்ததும் பரிஸ் சமாதான மாநாட்டுக்குப் போனார். தோற்ற ஜேர்மனி மீது தாங்க முடியாத நட்டஈட்டைச் சுமத்துவதை எதிர்த்து 1919இல் பதவி விலகினார். அதைப் பற்றி அவர் எழுதிய நூல் அவரை உலகறியச் செய்தது.

யுத்த காலத்தில் கட்டுப்படுத்தப்பட்டிருந்த நாணய மாற்று விகிதங்கள் 1919இல் தளர்ந்து, நாளுக்கு நாள் ஏறி இறங்கத் தொடங்கின. கெயின்ஸ் அந்தச் சந்தையில் இறங்கினார். ஜேர்மன் மார்க், பிரெஞ்சு பிராங்க், இத்தாலிய லீரா ஆகியவை விழும், டொலர் உயரும் என்பது அவர் கணிப்பு. கைக்காசைப் போல் பல மடங்கு தொகைக்கு வியாபாரம் செய்தார். தரகரிடம் சிறு பங்கை மட்டும் பிணையாக வைத்தால் போதும். முதலில் நல்ல இலாபம் வந்தது. 1920இன் தொடக்கத்தில் நண்பர்களினதும் குடும்பத்தினரதும் பணத்தையும் சேர்த்து ஒரு கூட்டு நிதி அமைத்தார்.

அந்த வருடம் மே மாதத்தில் எல்லாம் மாறியது. விழ வேண்டிய நாணயங்கள் சில கிழமைகளுக்கு ஏறின. பிணைத் தொகை கரைந்தது. மேலும் பணம் கட்டாவிட்டால் கணக்கு மூடப்படும் என்ற நிலை வந்தது. கூட்டு நிதி கலைக்கப்பட்டது. கெயின்ஸ் தன் சொந்தப் பணத்தில் மட்டும் 13,000 பவுண்களுக்கு மேல் இழந்தார்.

அவர் கணிப்பு பிழையா? இல்லை. மூன்று வருடங்களில் ஜேர்மன் மார்க் வெறும் காகிதமானது. ஆனால் அந்த நாள் வரும்வரை தாக்குப்பிடிக்க அவரிடம் காசு இருக்கவில்லை. கடனில் பந்தயம் கட்டுபவருக்குக் கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது. காலமும் கைகொடுக்க வேண்டும்.

இன்றைய செயலிகளில் ஒன்றுக்கு நூறு என்ற அளவிலும் கடன் வசதி தருகிறார்கள். 100 டொலர் போட்டு 10,000 டொலருக்கு வியாபாரம் செய்யலாம். விலை ஒரு வீதம் எதிர்ப்பக்கம் அசைந்தாலே அந்த 100 டொலரும் போய்விடும். பிறகு விலை நாம் நினைத்த பக்கமே திரும்பினாலும் பயனில்லை. தம்பிக்கு நடந்ததும் இதுதான்.

கெயின்ஸ் எழுந்து நின்றார். செல்வந்தரான சேர் ஏர்னஸ்ட் கசெல் 5,000 பவுண் கடன் கொடுத்தார். நூல் வெளியீட்டாளரிடமிருந்து 1,500 பவுண் முற்பணமாகக் கிடைத்தது. 1922 முடிவதற்குள் கடன்களை அடைத்தார். 1920களின் கடைசியில் பண்டச் சந்தையில் மறுபடியும் பெரிய அடி வாங்கினார். அதன் பிறகே வழியை மாற்றினார். நன்கு ஆராய்ந்த சில நிறுவனங்களின் பங்குகளை வாங்கி, வருடக்கணக்காக வைத்திருந்தார். 1944இல் பிரெட்டன் வூட்ஸ் மாநாட்டுக்குப் பிரித்தானியக் குழுவைத் தலைமை தாங்கிச் சென்றார். நாம் இன்று நாளாந்தம் செய்தியில் கேட்கும் சர்வதேச நாணய நிதியம் அங்குதான் உருவானது. 1946இல் அவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து 4 இலட்சத்து 80 ஆயிரம் பவுண்களை அண்மித்தது.

இந்தக் கடைசி எண்ணைத்தான் பயிற்சி வகுப்பு நடத்துபவர்கள் காட்டுவார்கள். விழுந்தவர் எழுந்தார், நீங்களும் எழலாம் என்பார்கள். நானும் ஒருமுறை அப்படியொரு வகுப்பின் விளம்பரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால்தான் மற்றப் பக்கத்தையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். கெயின்ஸ் விழுந்தபோது தாங்கிப்பிடிக்கக் கோடீஸ்வர நண்பர் இருந்தார், புகழ் பெற்ற புத்தகம் இருந்தது. எங்கள் வீடுகளில் இருப்பது அடகுச் சீட்டும், வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் காசும்தான். இலங்கையில் வெளிநாட்டு நாணய வியாபாரம் செய்ய மத்திய வங்கியின் அனுமதி பெற்றவர்களுக்கே சட்டம் இடமளிக்கிறது. அனுமதியில்லாத செயலியில் போன காசைக் கேட்டு எந்தக் கதவைத் தட்டுவது?

தம்பி இப்போது ஒரு வன்பொருள் கடையில் வேலை செய்கிறார். அடகுக் கடையில் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுகிறார். தாயிடம் அவர் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. காப்புகள் எப்போது வரும் என்று சித்தி என்னிடமும் கேட்கிறார்.