டில்ட்: ஹாரி வில்லியம்ஸ் என்ற பின்பால் என்ஜினியரின் கதை

விண்டோஸ் எக்ஸ்பி இருந்த கம்ப்யூட்டர்ல ஸ்பேஸ் கேடட் பின்பால் விளையாடி இருக்கீங்களா? ஸ்கூல் லேப்ல மிஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் நாம திறந்த முதல் கேம் அதுவாத்தான் இருக்கும். அதில் எக்ஸ் பட்டனை அழுத்தினால் டேபிள் லேசாகக் குலுங்கும். ஆசைப்பட்டு நாலு தடவை சேர்த்துக் குலுக்கினால் டில்ட் என்று வந்துவிடும். ஃபிளிப்பர் இரண்டும் வேலை செய்யாது. பந்து நம்ம கண் முன்னாடியே உருண்டு போய்க் குழியில் விழும்.

அந்தக் கேமே 1995ல் வந்த ஃபுல் டில்ட் பின்பால் என்ற கேமில் இருந்து எடுத்தது. சரி, கம்ப்யூட்டருக்குள் எதுக்கு டில்ட்? அங்கே யார் மேஜையைத் தூக்கப் போறாங்க? ஏன்னா நிஜ மெஷினில் அது இருந்தது. அதை முதலில் செய்து வைத்தவர் ஹாரி வில்லியம்ஸ் என்ற அமெரிக்க என்ஜினியர். ஸ்டான்ஃபோர்டில் படித்தவர். பாலம் கட்டவில்லை, ராக்கெட் விடவில்லை. வாழ்க்கை முழுக்க ஒரு இரும்புப் பந்து உருளும் மரப்பெட்டியோடு மல்லுக்கட்டினார். அவர் கதை நமக்குக் கொஞ்சம் தேவைப்படும் கதைன்னு நினைக்கிறேன்.

பெட்டியைத் திறந்தால்

அமெரிக்காவில் இன்றைக்கும் பலர் 1950கள், 60களின் பின்பால் மெஷினை வாங்கி, வீட்டு கராஜில் வைத்துப் பழையபடி ஓட வைக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்றை நீங்கள் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. அடுத்தது ஃபியூஸைப் பார்ப்பது. முன்னாடி வைத்திருந்தவர் அவசரத்துக்குப் பெரிய ஃபியூஸோ கம்பியோ சொருகியிருந்தால் காயில் கருகிவிடும், தீயும் பிடிக்கலாம். அப்புறம் கண்ணாடியை எடுத்து, பந்து உருளும் பலகையைத் தூக்கி நிறுத்துங்கள். அடியில் ஒரு சிப் கூட இருக்காது. துணி சுற்றிய வயர்கள் கட்டுக்கட்டாக ஓடும். வரிசையாக ரிலேக்கள், சோலனாய்டுகள், ஒவ்வொரு பல்லாக நகர்ந்து கணக்கு வைக்கும் சக்கரங்கள், எல்லாவற்றையும் முறைப்படி ஓட்டும் ஒரு சின்ன மோட்டார். நாம லாஜிக் கேட் என்று காகிதத்தில் போடுவதெல்லாம் அங்கே சுவிட்சாகக் கண்ணுக்குத் தெரியும்.

பெரும்பாலும் பிரச்சனை பெரிதாக இருக்காது. அறுபது வருஷத்துக் கிரீஸ் இறுகி பசை மாதிரி ஆகியிருக்கும். அதைச் சுரண்டித் துடைக்க வேண்டும். ரிலேயின் தொடுமுனைகளில் கரி படிந்திருக்கும். மெல்லிய அரத்தால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ரப்பர் வளையங்கள் கல்லாகி இருக்கும், புதுசு போட வேண்டும். பொறுமைதான் முக்கியமான டூல்.

இத்தனைக்கும் நடுவில், பெட்டியின் உள்சுவர் ஓரமாக ஒரு கம்பியில் கூம்பு வடிவ உலோகக் குண்டு ஒன்று தொங்கும். அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஒரு உலோக வளையம். கொத்தனார் கையில் இருக்கும் தூக்குக்குண்டு தெரியும்ல? அதேதான். அதுதான் டில்ட். அந்தக் குண்டு அங்கே வந்து சேர்ந்த கதையில்தான் ஹாரி வருகிறார்.

ஆணியில் ஆரம்பித்தது

1931. அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் பேஃபிள் பால் என்ற மெஷினை 17.50 டாலருக்கு விற்றார். ஒரு சென்ட் போட்டால் சில பந்துகள் கிடைக்கும். ஸ்ப்ரிங்கை இழுத்து விட்டால் பந்து மேலே போய், ஆணிகளுக்கு நடுவே முட்டி மோதி, ஏதோ ஒரு குழியில் விழும். ஃபிளிப்பர் கிடையாது, கரண்டும் கிடையாது. கையில் காசு இல்லாத ஜனங்களுக்கு ஒரு சென்ட் சந்தோஷம். மெஷின்கள் ஆயிரக்கணக்கில் விற்றன.

அப்போது கலிஃபோர்னியாவில் இருந்த ஹாரி, ஜனங்கள் விளையாடிச் சலித்துப்போன மெஷின்களுக்குப் புதுப் பலகை செய்து போட்டார். பெட்டி பழசு, ஆட்டம் புதுசு. தொழிலே ரிப்பேரில் இருந்து தொடங்கியது என்று சொல்லலாம். அப்புறம் சொந்தமாக ஆட்டங்களை வடிவமைக்கத் தொடங்கினார். அதில் ஒன்று அட்வான்ஸ். அதில் நுட்பமாகச் சமநிலையில் நிற்கும் சின்னக் கதவுகள் இருந்தன. பந்து சரியாக வந்து தட்டினால் திறக்கும்.

ஜனங்கள் சும்மா இருப்பாங்களா? ஒருவர் பெட்டிக்கு அடியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடிக்க, கதவு தானாகத் திறப்பதை ஹாரி நேரில் பார்த்தார். கடைக்காரருக்கு நஷ்டம். ஒழுங்காக விளையாடுகிறவனுக்கும் நஷ்டம். ஹாரிக்கு வந்த கோபத்தில் அவர் செய்த முதல் தீர்வு, பெட்டியின் அடியில் ஆணிகளை முனை வெளியே தெரியும்படி அடித்து வைத்தது. அடிச்சா கை கிழியும்.

பிரச்சனை தீர்ந்ததா? தீர்ந்தது. ஆனால் விளையாட வருகிறவன் கையைக் கிழிக்கும் மெஷினை யார் நல்ல மெஷின் என்று சொல்வார்கள்? அது காட்டுமிராண்டித்தனம் என்று ஹாரிக்கே பட்டது. ஆணியை விட்டுவிட்டு மறுபடி யோசித்தார்.

அடுத்து வந்தது ஒரு சின்னப் பீடம், அதன் மேல் ஒரு குட்டிப் பந்து. மெஷினை முரட்டுத்தனமாக ஆட்டினால் பந்து பீடத்தில் இருந்து கீழே விழும். விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இதற்கு ஹாரி வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார். ஒரு கடையில் யாரோ ஒருவர் விளையாடித் தோற்றுவிட்டு, மெஷினைச் சாய்த்துவிட்டேனே என்று டில்ட் என்ற சொல்லைச் சொல்லிப் புலம்பியதைக் கேட்டு, அந்தப் பெயரையே வைத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பிறகு பந்தும் பீடமும் போய், தூக்குக்குண்டு வந்தது. மெஷின் வேகமாக ஆடினால் குண்டு ஊசலாடி வளையத்தைத் தொடும். சர்க்யூட் மூடும். ரிலே ஆட்டத்தை நிறுத்தும்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. ஆணி என்ன செய்கிறது? தொட்டாலே தண்டனை. தூக்குக்குண்டு என்ன செய்கிறது? லேசாகத் தட்டினால் ஒன்றும் சொல்லாது. எல்லை தாண்டினால்தான் நிறுத்தும். அதாவது ஆட்டுவதைத் தடை செய்யவில்லை, அளவு வைத்தது. அந்த இடைவெளிக்குள்தான் பின்பாலின் முழுத் திறமையும் வளர்ந்தது. எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு தட்டுவது என்று தெரிந்தவர்தான் இன்றைக்கும் நல்ல ஆட்டக்காரர்.

கரண்ட் வந்த பெட்டி

1933ல் ஹாரி கான்டாக்ட் என்ற மெஷினைச் செய்தார். உள்ளே டிரை செல் பேட்டரி. பந்து ஒரு குழியில் விழுந்தால் செத்துப்போகவில்லை. சோலனாய்டு அதை உதைத்து மறுபடி ஆட்டத்துக்குள் அனுப்பியது. கூடவே ஒரு மணி அடித்தது. அதுவரை மெஷின் வெறும் சரிவுப் பலகை. இதற்குப் பிறகு அது பதில் சொல்லத் தொடங்கியது. நீங்கள் கராஜில் சுத்தம் செய்யும் அத்தனை சோலனாய்டுகளுக்கும் ஒரு விதத்தில் பாட்டன் அந்தக் குழிதான்.

பிறகு ஹாரி சிகாகோ போய், அங்கிருந்த சில பெரிய கம்பெனிகளுக்கு மெஷின் வடிவமைத்தார். எல்லாம் நன்றாகப் போனது, 1942 வரை.

அந்த வருஷம் ஜனவரியில் நியூயார்க் மேயர் லாகார்டியா பின்பாலைச் சூதாட்டம் என்று தடை செய்தார். சம்மட்டியால் மெஷினை உடைக்கும் மேயரின் படங்கள் பேப்பரில் வந்தன. அதே வருஷம் போருக்காக இரும்பும் செம்பும் தேவை என்று புது மெஷின் தயாரிப்பையும் அரசு நிறுத்தியது. தொழிலே அவ்வளவுதான் என்று சொல்லக்கூடிய நேரம்.

ஹாரி அந்த நேரத்தில்தான் கம்பெனி தொடங்கினார். முதலில் 1942ல் லின் டுராண்ட்டோடு சேர்ந்து யுனைடெட். அதை விட்டுவிட்டு 1943ல் தன் பெயரிலேயே வில்லியம்ஸ் மேனுஃபேக்சரிங். புதுசு செய்யக் கூடாதா? சரி, பழசை எடுத்துப் புதுசாக்குவோம். தேய்ந்துபோன மெஷின்களின் ஓவியத்தை மாற்றி, பலகையை மாற்றி, வேறு பெயர் வைத்து விற்பனைக்கு விட்டார். தொழிலில் முதலில் செய்த அதே வேலை.

இன்றைக்கு ரெஸ்டோர் செய்கிறவர்கள் பழைய பெயின்ட் ஒரு துளி உரிந்தாலும் துடித்துப் போவார்கள். ஹாரி கூசாமல் மாற்றினார். இரண்டு பேர் காரணமும் ஒன்றுதான். மெஷின் ஓட வேண்டும், யாராவது விளையாட வேண்டும்.

அதிர்ஷ்டமா, திறமையா?

போர் முடிந்தது. 1947ல் காட்லீப் கம்பெனியில் ஹாரி மாப்ஸ் என்ற இன்னொரு ஹாரி ஃபிளிப்பரைக் கொண்டு வந்தார். ஹம்ப்டி டம்ப்டி என்ற அந்த மெஷினில் ஆறு ஃபிளிப்பர்கள். மற்ற கம்பெனிகளும் உடனே பின்தொடர்ந்தன. ஃபிளிப்பர் வருவதற்கு முன்னாடி ஆட்டக்காரன் கையில் இருந்தது ஸ்ப்ரிங்கும் தட்டலும் மட்டும்தான். அந்தத் தட்டலையும் ஆணி அடித்து எடுத்திருந்தால், லாகார்டியா சொன்னது கிட்டத்தட்ட உண்மையாகி இருக்கும்.

நியூயார்க் தடை 1976 வரை நீடித்தது. அந்த வருஷம் ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபை ஆட்கள் முன்னால் விளையாடி, பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதே வழியில் அனுப்பிக் காட்டினார். இது திறமை என்று ஒத்துக்கொண்டு தடையை நீக்கினார்கள். ஹாரி அப்போது உயிரோடுதான் இருந்தார்.

கம்பெனியின் ஒரு பங்கை அவர் 1947லேயே சாம் ஸ்டெர்னுக்கு விற்றிருந்தார். 1950களின் இறுதியில் முழுசாகவே விலகினார். வில்லியம்ஸ் என்ற பெயர் மட்டும் தொடர்ந்தது. டிஃபென்டர் என்ற வீடியோ கேம் வந்ததும் அந்தப் பெயரில்தான். 1999ல் கம்பெனி பின்பால் தயாரிப்பை மூடியது.

ஆனால் ஹாரி ஓய்ந்து உட்காரவில்லை. 1977ல் ஸ்டெர்ன் குடும்பம் புதுக் கம்பெனி தொடங்கியபோது அவர்களுக்காக மறுபடி வடிவமைத்தார். 1980ல் வந்த ஃப்ளைட் 2000 அவர் வடிவமைத்தது. உள்ளே மைக்ரோபிராசசர், மெஷின் பேசும். டிரை செல்லில் தொடங்கியவர் அங்கே வரை வந்துவிட்டு, 1983ல் இறந்தார்.

கடைசி வேலை

நம்ம கராஜ் மெஷினுக்கு வருவோம். எல்லாம் துடைத்து, ரப்பர் மாட்டி, பல்பு போட்டு, கால்களைத் திருகிச் சரிவு சரி செய்தாச்சு. இன்னும் ஒன்று பாக்கி. அந்தத் தூக்குக்குண்டு. கம்பியில் அதை மேலே ஏற்றினால் வளையத்துக்கும் குண்டுக்கும் இடைவெளி கூடும், எவ்வளவு ஆட்டினாலும் மெஷின் பொறுத்துப் போகும். கீழே இறக்கினால் இடைவெளி குறையும், தும்மினாலே டில்ட். இதற்குச் சரியான அளவு என்று எந்த மேனுவலும் சொல்ல முடியாது. வருகிறவர்களை எவ்வளவு நம்பலாம் என்று மெஷின் வைத்திருப்பவர் முடிவு செய்ய வேண்டும்.

நாளைக்கு நீங்களும் ஏதாவது செய்வீங்க. ஒரு ஆப், ஒரு மெஷின், குறைந்தபட்சம் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு ரூல்ஸ் லிஸ்ட். யாராவது அதை ஏமாற்றப் பார்ப்பாங்க, அது நிச்சயம். கோபம் வரும், முதலில் கைக்குக் கிடைப்பது ஆணிதான். ஹாரிக்கும் அதுதான் கிடைத்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை என்பதால்தான் இன்றைக்கும் ஜனங்கள் அந்தப் பெட்டியைத் தட்டித் தட்டி விளையாடுகிறார்கள்.

நம்ம காலேஜ் ரூல்ஸில் எத்தனை ஆணி, எத்தனை தூக்குக்குண்டு என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்க. கமிட்டியில் உங்களுக்கு ஒரு பொறுப்பு கிடைத்தால், எழுதுவதற்கு முன்னாடியும் எண்ணிப் பாருங்க.