அள்ளிக் கொட்டுவதா, பார்த்து எடுப்பதா? ஏ.ஐ. தலைவலிக்கு அன்றே வழி காட்டிய மஹலனோபிஸ்!

இது பூனை, இது நாய் என்று ஏ.ஐ. பிரித்துச் சொல்ல, முதலில் படங்களைக் காட்டிப் பழக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஆள் உட்கார்ந்து பெயர் போடணும். லட்சக்கணக்கில் போட்டால் காசும் நேரமும் காலி. அப்போ எதை எடுப்பது, எதை விடுவது?

கிட்டத்தட்ட இதே சிக்கலை 1930-களில் வங்காளத்துச் சணல் வயல்களில் சந்தித்தவர் பி.சி.மஹலனோபிஸ்.

யார் இவர்?

1893 ஜூன் 29-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தது இயற்பியல். முதல் உலகப் போர் சமயம், ஊர் திரும்பும் பயணம் தாமதமானது. அந்த இடைவெளியில் கண்ணில் பட்டது 'பயோமெட்ரிகா' என்ற புள்ளியியல் இதழ். அதன் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். அதோடு வாழ்க்கையே திசை மாறியது. 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

சணல் வயலில் என்ன செய்தார்?

வங்காளம் முழுக்க எத்தனை ஏக்கரில் சணல்? வயல் வயலாக எண்ணினால் செலவு எகிறும். ஆள் கூடக் கூட தப்பும் கூடும். அதனால் குலுக்கல் முறையில் சில இடங்களை மட்டும் எடுத்தார். ஆனால் எத்தனை இடம், எவ்வளவு பெரிய இடம்? அதையும் குத்துமதிப்பாக முடிவு செய்யவில்லை. முதலில் சின்னதாக ஒரு முன்னோட்டக் கணக்கெடுப்பு. நடக்க எவ்வளவு நேரம், அளக்க எவ்வளவு செலவு என்று குறித்து, கையிலுள்ள பணத்துக்குள் பிழை குறைவாக வரும் வழியைக் கணக்குப் போட்டார்.

ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பியும் பார்த்தார். இரண்டு விடைக்கும் பெரிய வித்தியாசம் வந்தால், எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம். இன்று ஒரே படத்துக்கு இரண்டு பேரைப் பெயர் போடச் சொல்லி ஒப்பிடுவதும் இதே கதைதான்.

ஏ.ஐ.யில் இவர் பெயர் எங்கே?

1936-ல் இவர் வெளியிட்டது 'மஹலனோபிஸ் தூரம்'. உயரம் கூடினால் எடையும் கூடுவது வழக்கம். இப்படி ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் அளவுகளைக் கணக்கில் கொண்டு, ஒருவர் ஒரு கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று சொல்லும் அளவுகோல் இது. புதிய மாதிரி எந்த வகைக்கு நெருக்கம், எது கூட்டத்தில் ஒட்டாமல் தனியாக நிற்கிறது என்று பார்க்க இன்றும் பயன்படுகிறது.

1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்கும் இவர்தான் காரணகர்த்தா. 79-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், 1972 ஜூன் 28-ல் காலமானார். இவர் பிறந்த ஜூன் 29-தான் இப்போது தேசியப் புள்ளியியல் தினம்.

டேட்டா மலைபோல் குவிந்தாலும், அதில் எதை எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு!