செருப்புத் தைத்த கை வரைந்த மூளை



டிராயிங் ஹாலில் செக்ஷன் வியூ போட்டுப் போட்டு விரல் காய்த்துப் போனவர்கள் நாம். இதெல்லாம் எதுக்கு என்று ஒரு நாளாவது சலித்துக்கொள்ளாதவர் நம்மில் யாருண்டு? ஆனால் செக்ஷன் வியூ போட்டே நோபல் பரிசு வாங்கிய ஒரு மனிதர் இருந்தார்! அவர் வரைந்தது எஞ்சினை அல்ல, கட்டடத்தை அல்ல. மூளையை!

சந்தியாகோ ராமோன் இ காஹால். 1852 மே 1-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா வைத்தியர், கறாரான ஆள். பையனுக்கோ படம் வரைவது என்றால் உயிர். ஓவியம் சோறு போடாது என்பது அப்பாவின் கட்சி. பையனும் லேசுப்பட்டவன் இல்லை. பதினோரு வயசில் சொந்தமாக ஒரு பீரங்கி செய்து பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தகர்த்துவிட்டு, சில நாள் காவலில் கிடந்தான்! படிப்பும் ஏறவில்லை. கோபத்தில் அப்பா அவனை முதலில் முடிதிருத்தும் கடையிலும், பிறகு செருப்புத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார். தண்டனையாகத்தான். ஆனால் அந்தத் தொழிலிலும் கை நன்றாகவே படிந்தது.

1868 கோடையில் அப்பா ஒரு வழி கண்டார். மகனைப் பழைய இடுகாட்டுக்குக் கூட்டிப்போய் எலும்புகளைப் பொறுக்கிவந்து பாடம் நடத்தினார். எலும்பை வரையணும் என்றதும் பையன் கண் விரிந்தது. வேண்டாம் என்று தடுத்த ஓவியமே வைத்தியத்துக்கு வாசலாயிற்று! 1873-ல் மருத்துவப் பட்டம். அடுத்த ஆண்டு ராணுவ டாக்டராகக் கியூபா போனார். மலேரியா ஆளை உருக்கிவிட, 1875-ல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். சேர்த்த சம்பளத்தில் அவர் வாங்கிய பொருள்களில் முக்கியமானது ஒரு மைக்ரோஸ்கோப்.

அன்றைக்கு விஞ்ஞானிகளைக் குழப்பிய கேள்வி இதுதான்: மூளை எதனால் ஆனது? வெல்டிங் வைத்த மாதிரி எல்லா நரம்பிழையும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலையா? அல்லது தனித்தனி அணுக்களா? இத்தாலியின் கமில்லோ கோல்ஜி 1873-ல் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் ஊறவைத்து, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட வேண்டும். ஏராளமான அணுக்களில் ஏதோ சில மட்டும் கிளை வேரோடு கறுத்து, மஞ்சள் தாளில் மைக்கோடு போட்ட மாதிரி தெரியும். எல்லாமே கறுத்தால் ஒன்றும் புரியாது. சிலது மட்டும் கறுத்ததுதான் சௌகரியம். ஆனால் கோல்ஜி அதில் ஒரே வலையைத்தான் பார்த்தார்.

காஹால் 1887-ல் மாட்ரிட்டில் இந்த முறையைப் பார்த்து அசந்துபோனார். சாயத்தை இரண்டு முறை ஏற்றினார். கருவிலும் குட்டிகளிலும் நரம்பிழைக்கு இன்னும் உறை மூடியிருக்காது. அங்கே போய்த் தேடினார். ஒவ்வொரு கோட்டையும் முனை வரைக்கும் தொடர்ந்து போனார். கோடு முடிகிறது! அடுத்த அணுவின் பக்கத்தில் போய் நிற்கிறது, ஒட்டவில்லை! 1888-ல் சொந்தக் காசில் ஒரு பத்திரிகை தொடங்கி, முதல் இதழில் 60 பிரதி மட்டும் அடித்து வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். அது போதாதென்று 1889-ல் ஸ்லைடுகளோடு பெர்லினுக்கே போனார். பெரியவர் கோலிக்கரை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வைத்தார். பார்த்தவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு பெருமூளைப் புறணி. மூளையின் மேல்தோல் மாதிரி, 2 முதல் 4 மில்லிமீட்டர் கனம்தான். அதன் செக்ஷனைக் காஹால் வரைந்தபோது மாடி மாடியாக அடுக்குகள் தெரிந்தன. பொதுவாக ஆறு என்று இன்றைக்குக் கணக்கு. மேலடுக்கில் பெரும்பாலும் இழைகள். இரண்டும் மூன்றும் புறணியின் மற்றப் பகுதிகளோடு பேசும். நாலாவதில் கண், காது சேதி வந்து இறங்கும். ஐந்தாவதிலிருந்து தண்டுவடம் வரைக்கும் கட்டளை போகும். ஆறாவது, சேதி வந்த வழிக்கே பதில் அனுப்பும். பார்வைப் பகுதியில் நாலாவது அடுக்கு தடித்திருக்கும். கை கால் அசைக்கும் பகுதியிலோ அது இருக்கிற இடமே தெரியாது. வேலைக்கேற்ற கட்டுமானம்! இந்த மெல்லிய தோலில் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள் என்பது 2009-ல் வெளிவந்த மதிப்பீடு.

1906-ல் கோல்ஜிக்கும் காஹாலுக்கும் சேர்த்தே நோபல். வேடிக்கை என்னவென்றால், மேடையிலேயே கோல்ஜி தனியணுக் கொள்கையை எதிர்த்துப் பேசினார்! 1934 அக்டோபர் 17-ல் காஹால் மறைந்தார். 1950-களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்து, அணுக்களுக்கு நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் காட்டியது. காஹால் சொன்ன இடைவெளி! அவருடைய படங்கள் அடங்கிய ஆவணங்களை 2017-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

யோசித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரே சாயம், ஒரே மூளை. ஒருவர் வலை என்று முதலிலேயே முடிவு கட்டினார். மற்றவர் கோட்டின் முனை வரைக்கும் போய்ப் பார்த்தார். படம் போடுவது பார்த்து எழுதுகிற வேலை இல்லை நண்பர்களே, அது பார்க்கக் கற்றுக்கொள்கிற வேலை. பக்கத்து ஷீட்டைப் பார்த்துக் கோடு இழுக்கிறவனுக்கு அது கிடைக்காது. அடுத்த முறை பென்சிலைச் சீவும்போது, செருப்புத் தைத்த அந்தக் கையை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்!