பூமிக்குள் ஒரு கப்பல்!

இங்கிலாந்தின் புகழ்பெற்ற புதையல் ஒன்றைக் கண்டுபிடித்தவர் யார்? பெரிய பேராசிரியரா? அல்ல. 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட ஒரு குடியானவர். அவர் பெயர் பேசில் பிரவுன்.

1888-ம் ஆண்டு, சபோக் மாவட்டத்தில் பிறந்தார். தகப்பனார் குத்தகை நிலத்தில் பயிரிட்டு வந்தார். மகனும் வயலில் இறங்கி உழைத்தார்.

ஆனால் படிப்பை விட்டாரா? இல்லை. பகலில் வேலை, இரவில் புத்தகம். வானநூல் கற்றார். லத்தீன், பிரெஞ்சு மொழிகளும் கற்றார். 1932-ல் வானப் படங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி வெளியிட்டார். பழங்காலச் சின்னங்களைத் தேடிச் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றினார்.

வேலையே பள்ளிக்கூடம்

விவசாயத்தில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சமயத்தில் இப்ஸ்விச் நகர அருங்காட்சிசாலை அவருக்குத் தோண்டும் வேலை கொடுத்தது. பட்டம் கேட்கவில்லை. அவருக்கு மண்ணைப் பற்றித் தெரிந்திருந்தது. அது போதும் என்று நினைத்தது. கூலிக்கு வேலை செய்துகொண்டே பிரவுன் தொழிலின் நுணுக்கங்களைக் கற்றார்.

சட்டன் ஹூ என்ற இடத்தில் இடித் பிரெட்டி என்ற விதவை அம்மையார் வாழ்ந்தார். அவருடைய நிலத்தில் பழைய மண்மேடுகள் இருந்தன. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பினார். அருங்காட்சிசாலை பிரவுனை அனுப்பியது. செலவை அம்மையாரே ஏற்றார். 1938-ல் பிரவுனுக்கு வாரக் கூலி 30 ஷில்லிங். அதாவது, ஒன்றரைப் பவுன். தங்கவும் இடம் கொடுத்தார்.

வழி காட்டிய ஆணி

முதல் ஆண்டில் 3 மேடுகளைத் தோண்டினார். அவற்றைத் திருடர்கள் முன்பே கொள்ளையடித்திருந்தார்கள்.

1939 மே மாதம், பெரிய மேட்டில் கை வைத்தார். ஒரு துருப்பிடித்த ஆணி தென்பட்டது. பிறகு இன்னொன்று. வரிசை வரிசையாக ஆணிகள்!

அவை கப்பலின் ஆணிகள் என்று பிரவுன் புரிந்துகொண்டார். மரமெல்லாம் மக்கி மறைந்துவிட்டது. மணலில் அதன் அச்சு மட்டுமே இருந்தது. அவசரப்பட்டு மண்வெட்டியைப் போட்டால் கப்பலின் உருவமே அழிந்துவிடும். பிரவுன் ஆணிகளை அசைக்கவில்லை. மணலை மட்டும் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்தார். 27 மீட்டர் நீளக் கப்பலின் வடிவம் வெளிப்பட்டது! சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசரை அதில் வைத்துப் புதைத்ததாகக் கருதுகிறார்கள்.

நிபுணர்கள் வந்தார்கள்

செய்தி பரவியது. கேம்பிரிட்ஜிலிருந்து வந்த நிபுணரிடம் பொறுப்பு போய்விட்டது. கப்பலின் நடு அறையைத் திறக்கும் வேலை பிரவுனுக்குக் கிடைக்கவில்லை. அந்த அறையில் தங்கக் கொக்கி, தலைக்கவசம், வெள்ளிப் பாத்திரங்கள் கிடைத்தன. அத்தனையும் அம்மையாருக்கே சொந்தம் என்று ஆகஸ்டில் விசாரணையில் முடிவாயிற்று. அவர் அனைத்தையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தானமாகக் கொடுத்தார்.

அங்கே பல ஆண்டுகள் பிரவுனின் பெயரே இல்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. தன் ஊர்ப் பக்கம் தொடர்ந்து தோண்டினார். 1966-ல் அரசாங்கம் உதவிச் சம்பளம் அளித்தது. 1977-ல் காலமானார். இன்று அந்தப் புதையலோடு அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

அவருக்குக் கிடைத்த உதவி பெரியதல்ல. தொழில் கற்க ஓர் இடம், வயிற்றுக்கு ஒரு கூலி. அவை மட்டும் கிடைத்திராவிட்டால், ஆணியோடு ஆணியாக அந்தக் கப்பலும் மண்ணிலேயே மறைந்திருக்கும்!